‘நோபடி’ என்னும் சொல்

இன்று ‘நோபடி’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம்.

‘யாரும் வால்வைச் சோதிக்கவில்லை’ என்கிறோம். மறுப்பு ‘யாரும்’ என்பதில் இல்லை, வினையில் இருக்கிறது. மலாயிலும் ‘தியாடா செசியாபா’ என்னும்போது மறுப்பு ‘தியாடா’வில்தான் உள்ளது. ஆங்கில ‘நோபடி’யோ ‘இல்லை’யைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டது. எனவே, ‘நோபடி செக்ட் தி வால்வ்’ என்றாலே போதும்.

தமிழ்ப் பழக்கத்தில் ‘டிட் நாட்’டையும் சேர்த்தால், இரண்டு மறுப்புகளும் ஒன்றையொன்று வெட்டிவிடும், ‘சோதிக்காதவர் எவருமில்லை’ என்று பொருள் தலைகீழாகும். ஜொகூர் பாசிர் கூடாங்கில் ஓர் ஆலைத் தொழிலாளி ஷிப்டு மாறும்போது அவ்வாறு எழுதிவைத்தால், அடுத்து வருபவர் வால்வைத் தொடாமலே இருந்துவிடக்கூடும்.

‘ஐ டிட் நாட் சீ’ என்று தொடங்கினால் ‘எனிபடி’ என்று முடியுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மறுப்பே போதும்.