கோழிகளுக்கு நடுவே ஒரு கொட்டாவி

ஒரு பெரிய வெள்ளை நாய் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நேற்று வாங்கிவந்த பெட்டைக்கோழி மண்ணைக் கிளறுகிறது. நாய் கொட்டாவி விடுகிறது. அந்தக் கொட்டாவியை வரவழைக்கும் கலையை, அதாவது காவல் நாயைக் கோழிகளோடு பழக்குவதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இத்தாலியின் மரெம்மா, பிரெனீஸ் மலைநாய், துருக்கியின் அனடோலிய நாய் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கிடை காத்தவை. காவல் அவற்றின் ரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். கோழி விஷயத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆடு மிரண்டால் ஒதுங்கும், இல்லையென்றால் முட்டும். கோழியோ இறக்கையைப் படபடவென்று அடித்துக் கத்திக்கொண்டு ஓடும். ஓடுவதைக் கண்டால் இளநாயின் கால் நிற்காது. கொல்லும் எண்ணம் அதற்கு இல்லை, விளையாடத்தான் போகிறது. ஆனால் நாற்பது கிலோ நாயின் விளையாட்டைக் கோழி தாங்காது.

அதனால் தேர்ந்த வளர்ப்பாளர்கள் குட்டியைக் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் விட்டுத் தொடங்குகிறார்கள். பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், தொட முடியாது. சில வாரம் கழித்துக் கயிற்றில் பிடித்து உள்ளே அழைத்துப்போவார்கள். முதலில் பழக்குவது சாதுவான, வயதான கோழிகளோடுதான். நாய் முறைத்துப் பார்த்தால் அதட்டல், முகத்தைத் திருப்பிக்கொண்டால் தட்டிக்கொடுத்தல். நாயின் சாப்பாட்டுத் தட்டு கோழிக்கு எட்டாத இடத்தில் இருக்கும். தட்டில் கொத்தவந்த கோழி கடிபட்டால் பிழை நம்முடையது. இப்படியே ஏறக்குறைய இரண்டு வயது வரை தனியே விடாமல் கவனிக்க வேண்டும்.

பழகிய நாய்கூடப் புதுக்கோழியைத் தன் மந்தையில் உடனே சேர்த்துக்கொள்ளாது. அதற்குப் பழைய கோழிகள்தான் வீட்டார், வந்தது யாரோ. ஆகவே புதியவற்றைக் கூண்டோடு முற்றத்தில் சில நாள் வைக்கிறார்கள். எசமானரே நாயின் கண்ணெதிரில் அவற்றைக் கையில் எடுத்துத் தடவுகிறார். கோழிகள் அடையப்போகும் அந்தி வேளைதான் இதற்கு வாகான நேரம்.

கோழியைக் கொன்ற நாயின் கழுத்தில் அந்தச் செத்த கோழியையே கட்டித் தொங்கவிடும் வழக்கம் சில பண்ணைகளில் உண்டு. அதை நான் முழுமனதோடு வெறுக்கிறேன். அழுகும் பிணத்தைச் சுமக்கும் நாய் எதையும் கற்றுக்கொள்வதில்லை. துன்பப்படுகிறது, அவ்வளவுதான்.

பொறுமையாகப் பழக்கினால் என்ன கிடைக்கும் என்பதை ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் ஊர் காட்டியது. அங்கே கரையை ஒட்டி மிடில் தீவு இருக்கிறது. சுமார் ஒரு கிலோ எடையுள்ள குட்டிப் பென்குயின் இனப் பறவைகள் அங்கே கூடு கட்டின. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் கடந்துவந்து வேட்டையாடின. நூற்றுக்கணக்கில் இருந்த பறவைகள் 2005இல் பத்துக்கும் கீழே போய்விட்டன. ஆலன் மார்ஷ் என்ற கோழிப்பண்ணைக்காரர் தம் கோழிகளுக்கு மரெம்மா நாய்களைக் காவல் வைத்திருந்தார். 2006இல் அவருடைய ஆட்பால் என்ற நாய் தீவுக்குப் போனது. கோழியிடம் சாதுவாக இருக்கப் பழகிய நாய் பென்குயினிடமும் அப்படியே இருந்தது. அதன் வாடை வீசிய இடத்துக்கு நரி வரவில்லை. அடுத்தடுத்து வந்த மரெம்மாக்களின் காவலில் பறவைகள் மீண்டும் நூறைத் தாண்டின.

2017இல் கடல் கொந்தளித்து நாய்களைத் தீவில் விடமுடியாமல் போன நாட்களில் நரிகள் புகுந்து சுமார் 140 பென்குயின்களைக் கொன்றன. கடல் தணிந்ததும் ஊரார் நாய்களைத்தான் மறுபடி கூட்டிக்கொண்டு போனார்கள்.