பழைய கணனியும் புதிய விளையாட்டும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், இளைஞர் பிரிவினரின் வேண்டுகோளுக்கிணங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சமயச் சொற்பொழிவுகள் நிகழும் இம்மேடையில் கணனி விளையாட்டைப் பற்றிப் பேசுவது பெரியோர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் வீடுகள் பலவற்றில் இது இன்று ஒரு வழக்காகவே நடைபெறுகிறது. "அப்பா, கணனி பழசாய்ப் போச்சு, புது விளையாட்டு ஒன்றும் ஓடுதில்லை, மாற்ற வேணும்" என்கிறான் பிள்ளை. "நல்லாய்த்தானே வேலை செய்யுது, விளையாட்டுக்காகக் காசைக் கரைக்கிறதோ?" என்கிறார் தந்தை. இவ்வழக்கில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு; இருவரிடமும் பிழையும் உண்டு. அதை எடுத்துக் கூறுவதே என் நோக்கம்.

முதலிற் பிள்ளையின் நியாயத்தைப் பார்ப்போம். கணனியின் உறுப்புக்கள் அனைத்தையும் ஆளும் மென்பொருளைப் பாடசாலைப் புத்தகங்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. நம் வீடுகளிற் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ். ஒரு விளையாட்டு நேரே இயந்திரத்தோடு பேசுவதில்லை; இம்முறைமையின் வாயிலாகவே பேசுகிறது. படங்காட்டும் அட்டையைச் செய்த நிறுவனம் பழைய முறைமைக்குரிய இயக்கி மென்பொருளை நிறுத்திவிட்டால், புது விளையாட்டு அங்கே வாய் திறக்க மாட்டாது. என்விடியா நிறுவனம் விண்டோஸ் 7க்கு அவ்வாறு 2021இல் நிறுத்தியது. விளையாட்டுக்களை விற்கும் ஸ்டீம் நிலையமோ 2024 ஜனவரி 1ஆந் திகதியுடன் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டது. ஸ்டீம் செயலியினுள்ளே குறோம் உலாவியின் ஒரு பகுதி அமைந்திருக்கிறது. அவ்வுலாவி பழைய விண்டோஸில் இயங்காது போனமையே அதற்குக் காரணம். இன்னும் ஒன்று: பழைய 32 பிற் விண்டோஸ் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. இக்கால விளையாட்டுக்கள் பல 8, 16 என்று கேட்கின்றன. ஆகவே பிள்ளை பொய் சொல்லவில்லை.

விளையாட்டு வீண் என்பாருக்கும் ஒரு வார்த்தை. 2018இல் யகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவிற் காட்சிப் போட்டியாக இடம்பெற்ற கணனி விளையாட்டு, 2023இல் ஹாங்சோவில் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று.

ஆனால், அன்பர்களே, விளையாட்டினும் பெரிய விடயம் ஒன்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. 2014 ஏப்பிரல் 8இல் அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 7 2009இல் வந்து 2020 ஜனவரி 14இல் ஓய்ந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்தது. ஆதரவு நின்ற பின்பும் கணனி ஓடும். அதனாலேயே தந்தையர் ஏமாறுகின்றனர். பூட்டுப் பழுதான கதவும் சாத்தித்தான் இருக்கும். கள்வன் தள்ளிப் பார்க்கும் வரையில் வேறுபாடு தெரியாது. 2017 மே மாதம் வன்னாகிறை என்னும் நச்சுநிரல் திருத்தம் ஏற்றாத விண்டோஸ் கணனிகளுட் புகுந்து, கோப்புக்களைப் பூட்டிப் பணங்கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளே அன்று தடுமாறின. பிள்ளை விளையாடும் அதே கணனியிலேதான் தந்தை வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், தங்கை படிக்கிறாள் என்பதை மறக்கலாகாது.

இனிப் பிள்ளைகளின் பிழை. இதற்கு என்னையே சான்றாக நிறுத்துகிறேன். 2010இல் எங்கள் வீட்டில் எக்ஸ்பி கணனி ஒன்று இருந்தது. நண்பர்கள் ஆடிய விளையாட்டை நானும் ஆட வேண்டுமென்ற அவசரம் எனக்கு. மலிவாகக் கிடைத்த கள்ளப் பிரதி இறுவட்டு ஒன்றை வாங்கி, வீட்டாரைக் கேளாமலே விண்டோஸ் 7ஐ ஏற்றினேன். திரையிற் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வாசித்துப் பாராமல் "ஆம்" என்று அழுத்தினேன். வன்தட்டு முழுவதும் அழிந்தது. அதிலே, முந்திய ஆண்டு காலமான எங்கள் அப்பப்பா கோயிலிற் கந்தபுராணத்துக்குப் பயன் சொன்ன குரற்பதிவு இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. அன்றிரவு விளையாட்டு அழகாக ஓடியது. அப்பா என்னை ஏசவில்லை. "போனது போகட்டும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு நோவு இருந்திராது.

கொச்சிக்கடையில் 1856இல் எழுந்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1907இல் தொடங்கிக் கருங்கற் கோயிலாகப் புதுக்கியதை நீங்கள் அறிவீர்கள். ஆலயங்களிற் திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்வது நம் மரபு. மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்திற் பாதுகாப்பாக எழுந்தருளச் செய்த பின்னரே உளி கல்லைத் தொடும். கட்டடம் பழுதுபடும், புதுக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பதை முதலிற் காத்துவிட்டே புதுக்க வேண்டும். இந்த ஒழுங்கை அறிந்த வீட்டிற் பிறந்தும் நான் கைக்கொள்ளவில்லை.

ஆதலால் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். முதலாவது, படங்கள், குரற்பதிவுகள், கணக்குகள் யாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றிற் பிரதி செய்து, அது திறக்கின்றதா என்றும் பாருங்கள். இரண்டாவது, புதுக் கணனி வாங்குமுன், இருப்பதையே மேம்படுத்த முடியுமா என்று சோதியுங்கள். விண்டோஸ் 11க்கு 4 கிகாபைற் நினைவகமும், 64 கிகாபைற் இடமும், ரிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏற்றுக்கொள்ளப்பட்ட செயலியும் வேண்டும். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் சோதனைச் செயலி இதைச் சில நிமிடங்களிற் கூறிவிடும். தகுதி இருப்பின், விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறக் கட்டணம் இல்லை. காசைக் கரைக்கும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது, தகுதியில்லாத கணனியையும் உடனே எறிந்துவிடாதீர்கள். லினக்ஸ் என்னும் இலவச முறைமை உண்டு. 2018இல் வெளிவந்த புறோட்டன் என்னும் துணைக்கருவியால் விண்டோஸ் விளையாட்டுக்கள் பல அதிலும் ஓடுகின்றன. ஆயின் வலோரன்ற் போன்ற சில போட்டி விளையாட்டுக்கள் அதில் ஓடா. அதையும் அறிந்தே மாறுங்கள். நான்காவது, கள்ளப் பிரதியைத் தொடாதீர்கள். பூட்டை மாற்றவென்று கள்வனையே அழைப்பது போன்றது அது.

பெரியோர்களே, பிள்ளை மேம்படுத்தக் கேட்கும்போது "விளையாட்டுக்குத்தானே" என்று தள்ளிவிடாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். வீட்டின் பாதுகாப்பை அவன் வாயாற் கேட்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். தம்பி தங்கையரே, உங்கள் கையில் இருப்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. வீட்டின் நினைவுகள் உறையும் பெட்டகம். புதியதை விரும்புங்கள்; பழையதைக் காத்துவிட்டு விரும்புங்கள்.

இன்று வீடு சென்றதும், உங்கள் அப்பப்பா, அம்மம்மாவின் குரல் எந்தக் கணனியில் இருக்கிறதென்று தேடி, அதை இன்னோரிடத்திலும் பதிந்து வையுங்கள். விளையாட்டை நாளைக்கு ஆடலாம்.