பதில் சொல்லாத சேவையகம்



வெள்ளவத்தையிலே காலி வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு, இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எளிதில் விளங்கும். 14ஆம் இலக்கத்தைத் தேடிச் சென்றால், அதன் பின்னே 14/1, 14/2 என வீடுகள் கிளைத்திருக்கும். இடையிலே தொடர்மாடியொன்று எழுந்து பழைய இலக்கத்தை விழுங்கியிருக்கும். தபாற்காரர் மணியடிக்கிறார், உள்ளிருந்து ஓசையில்லை. வீட்டில் ஆளில்லையா, மணி பழுதா, காவலாளி தடுத்துவிட்டாரா, அன்றி இலக்கமே பிழையா? வெளியே நிற்பவருக்கு இவை நான்கும் ஒரே மௌனமாகவே தோன்றும்.

தரவு மையம் என்பது, பிற கணினிகளுக்கு ஓயாது பணிபுரியும் சேவையகங்களை அடுக்குகளில் இருத்திக் குளிரூட்டிக் காக்கும் கூடமாகும். அவற்றை நாடோறும் ஒவ்வொன்றாகச் சென்று பார்த்தல் அரிதாகலின், முகாமைத்துவ மென்பொருளொன்று மேற்பார்வை செய்கின்றது. முகவரித் தொடரொன்றைக் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொரு முகவரியிலும் தட்டிப் பார்த்து, பதிலிறுப்பவற்றைத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளும். இதனையே கண்டறிதல் என்பர். பெரும்பாலும் முதலிற் செல்வது ‘பிங்’ எனும் சிறு அழைப்பு. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை ஆக்கிய மைக் மூஸ் என்னும் அமெரிக்கர், நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையையே இதற்குப் பெயராக இட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பிலே யான் பணியாற்றிய அலுவலகமொன்றில் 40 சேவையகங்கள் இருந்தன. பட்டியலிலோ 39 மாத்திரமே. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மென்பொருளும் பிழையேதும் காட்டவில்லை. தான் காணாத ஒன்றைப்பற்றி அஃது எங்ஙனம் முறையிடும்? குளிரூட்டியைப் பழுதுபார்க்க வந்த தொழிலாளி ஒருவர், “ஐயா, அந்தப் பெட்டியிலை மட்டும் மஞ்சள் வெளிச்சம் மின்னுது” என்று சொன்ன பின்னரே நாம் விழித்துக்கொண்டோம். ஊழியர் அனைவரது சம்பளப் பதிவும் அதிலேதான் இருந்தது. அதன் நான்கு வட்டுக்களுள் ஒன்று என்றோ செயலிழந்து, எஞ்சிய மூன்றைக்கொண்டு அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வட்டும் போயிருப்பின் யாவும் போயிருக்கும். அன்றிரவே புதிய வட்டை மாற்றினோம்.

காரணம் தேடியபோது யாமும் வழிதவறினோம். மென்பொருள்தான் கெட்டதென்று கருதி அதனை மீள நிறுவினோம், அரைநாள் வீணாயிற்று. சேவையகத்தின் முகவரிக்குப் பிங் அனுப்பினால் உடனே பதில் வந்தமை எம்மை மேலும் மயக்கியது. அம்முகவரி முன்வீட்டினுடையது என்பதை மறந்தோம்.

இதைச் சற்று விளக்குதல் வேண்டும். சேவையகத்தின் தாய்ப்பலகையிலே சிறிய காவற்கணினி ஒன்றுண்டு. பெருங்கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை அஃது உறங்காது; வெப்பம், விசிறி, வட்டு ஆகியவற்றின் நலத்தை அறிந்துகொண்டேயிருக்கும். அதற்கெனத் தனி முகவரியும் தனிக் கடவுச்சொல்லும் உண்டு. அதனோடு உரையாடுதற்கு ஐ.பி.எம்.ஐ. எனும் விதிமுறை 1998இலும், ரெட்பிஷ் எனும் புதியது 2015இலும் வெளிவந்தன. எமது மென்பொருள் தேடியது இந்தப் பின்வீட்டையே.

சில மாதங்களுக்கு முன் அவ்வியந்திரத்தின் தாய்ப்பலகை மாற்றப்பட்டிருந்தது. பழைய பலகையோடு காவற்கணினியின் முகவரியும் போய்விட்டது. புதியதிலே தொழிற்சாலையில் இட்ட முகவரியே இருந்தது. சேவையகத்தை நிறுத்தாமலே, உள்ளிருந்து ஒரு கட்டளையால் இதனை அறிந்து முகவரியைத் திருத்தினோம். பிங் பதிலளித்தது. ஆயினும் பட்டியலில் அது தோன்றவில்லை! கடவுச்சொல்லும் பழைய பலகையோடு மாறியிருந்தது. அதையும் திருத்தினோம், அப்பொழுதும் மௌனமே. வலையமைப்பின் வழியே ஐ.பி.எம்.ஐ. ஏற்கும் வசதி புதிய பலகையிலே மூடப்பட்டிருந்தது. அதைத் திறந்த பின்னரே நாற்பதாவது பெயர் திரையில் வந்தது. ஒரே மௌனத்துக்குப் பின்னே மூன்று பிழைகள் வரிசையாக நின்றிருந்தன.

வேறிடங்களில் வேறு காரணங்கள் இருக்கலாம். தீச்சுவர் பிங் அழைப்பை மாத்திரம் தடுத்தால், உயிரோடிருக்கும் இயந்திரத்தையும் இல்லையென்று மென்பொருள் கடந்து செல்லும். எஸ்.என்.எம்.பி. எனும் முறையின் முற்பதிப்புகளிலே அடையாளச் சொல்லில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும், மறுப்பேனும் வாராது. கேள்வி பேசாமற் கைவிடப்படும். இதுவே யான் அறிந்தவற்றுள் மிகக் கொடிய மௌனம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கை அரசின் முகிற் கணினிச் சேவை பணயத் தாக்குதலுக்கு உள்ளானது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளை மீட்க இயலவில்லை. அங்கே 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மென்பொருள் இயங்கியது. அது பழையதென அறிந்திருந்தும் நேர்ந்த இழப்பு அது. எமது அலுவலகத்திலோ, பழுதான இயந்திரம் ஒன்று இருப்பதையே அறியாதிருந்தோம்.

அதன்பின், மாதத்தின் முதல் திங்கட்கிழமைதோறும் ஒருவர் தாளும் பென்சிலுமாகக் கூடத்துக்குள் நடந்து இயந்திரங்களை எண்ணி வருவார். மற்றொருவர் திரையிலுள்ள பெயர்களை எண்ணுவார். தாய்ப்பலகை மாற்றப்பட்டால் அன்றைய திகதியையும் காவற்கணினியின் முகவரியையும் அத்தாளிலேயே குறித்தோம். முதன்முறை எண்ணியபோது கூடத்திலே 41 இருந்தன. அந்த நாற்பத்தொன்றாவது யாருடையதென்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு நாட்கள் சென்றன.