பாடு சுற்றி வரும் ஏரி

 

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களைப்போல் மாணவனாயிருந்த நாளில், நீரின் ஆழமும் உப்பும் அளந்துவரப் பழவேற்காட்டு ஏரிக்கு அனுப்பப்பட்ட நான், வேலையை அரை நாளில் முடித்துக்கொண்டு, மீனவர் குப்பமொன்றின் கோயில் வாசலில் கூடியிருந்த ஜனங்களிடையே போய் உட்கார்ந்தேன். ஏரியில் எந்த இடத்தில் எவர் எந்நாள் வலை கட்டுவது என்னும் பாத்தியதையைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ‘பாடு’ அன்று நடந்தது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் மிகுதி. அது கிடைக்காதவன் கதி என்ன என்று கேட்டேன். "இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும் தம்பி, பாடு சுத்திக்கிட்டே இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். பொதுச் சொத்தை அநுபவிப்போரே விதி வகுத்துக் காக்கவும் கூடும் என்று 1990இல் நூலெழுதிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற செய்தியைப் படித்தபோது, அந்தக் கோயில் வாசலே என் கண்முன் நின்றது.

பாடு குறையற்றதென்று நான் சொல்லவில்லை. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளருக்கும், மீன்கூடை சுமக்கும் பெண்களுக்கும் அந்தச் சீட்டில் இடமில்லை. ஆகவே ஏரிக்குத் திட்டம் வகுப்போர், ஊர்த் தலைவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, உள்ளூர் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டாயிற்று என்று எழுதுவது சத்தியமாகாது. ஏரியின் பெரும்பகுதியோ ஆந்திரத்தில் இருக்கிறது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமான பின்னும், பழவேற்காட்டு முகத்துவாரம் தூர்ந்தால் கடலிலிருந்து ஏறிவரும் இறால் குஞ்சு வடக்கே போகாது. தடா பக்கத்துத் தெலுங்கு மீனவர் வீட்டிலும் அடுப்பு அணையும். அவர்களையும் திட்டத்தின் முதல் நாளிலேயே அழைக்க வேண்டும் என்பது என் திடமான கொள்கை.

பின்னாளில் முகத்துவாரத்தில் மண்ணெடுப்பதைப் பற்றி மூன்று நாள் விவாதித்த குழுவொன்றில் நானும் இருந்தேன். வலை பிடித்த கை ஒன்றுகூட அங்கே இல்லை. நாற்பது பக்க வரைவை முடித்த பிறகே, ஆட்சேபணை உண்டா என்று குப்பத்துக்குக் கொண்டு போனோம். அதே பெரியவர், முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மண்ணை வாடைக்கு முன்னாடி எடுக்கப் போறீங்களா, பின்னாடியா?" என்று வினவினார். நாற்பது பக்கத்தில் அதற்கு விடை இல்லை.