மழைக்காலமும் நமது மண்டபமும்
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் முன்னோர். உடலே அச்சுவர். கந்தப்பளையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மைதானம் சேறாகிவிடும். 10 அடிக்கு 12 அடியான பழைய லயக் காம்பராவில் கைகால் நீட்ட இடமேது? பட்டணத்து உடற்பயிற்சி நிலையத்திற்கோ மாதக் கட்டணமும் பஸ் கட்டணமும் வேண்டும். ஆகவே நம்மவர் பலரின் மாலைப்பொழுது சீட்டிலும் சாராயத்திலும் கழிகின்றது.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. 1891ஆம் ஆண்டு குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரி மாணவர் வெளியே ஆட இயலாதிருந்தனர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் மண்டபத்தினுள் இரண்டு பழக்கூடைகளைப் பொருத்தினார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது! நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாமன்றோ?

நமது மண்டபமோ கூட்டமும் விழாவும் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றது. வாரம் மூன்று மாலை அதைத் திறப்போம். சூரிய நமஸ்காரத்திற்கு ஒரு பாய் போதும். துள்ளிக் குதிக்க ஒரு கயிறு போதும். சிறுவர்க்கு ஒரு கரம் பலகை. பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்து முதுகு நோகும் நம் சகோதரிகளுக்கு அவற்றுள் ஒரு மாலையைத் தனியே ஒதுக்குவோம்.

பெரியோர்களே! விளக்குச் செலவை நாங்களே சந்தா சேர்த்துக் கொடுப்போம். கூட்டிப் பெருக்கிப் பூட்டுவதும் எங்கள் பொறுப்பு. உங்களிடம் வேண்டுவது மண்டபத்துச் சாவி ஒன்றே.