முழங்கால் நொந்தாலும் சைக்கிள் ஓடலாம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் பேசுகிறார் என்றதும் நீரிழிவு, கொலஸ்திரோல் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் பேசப்போவது சைக்கிளைப் பற்றி. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் கதையைச் சைக்கிள் இல்லாமல் சொல்ல முடியாது. 1990இன் பின் பெற்றோல் இல்லாத காலத்தில் நாங்கள் பாடசாலைக்கு வந்ததும், ரியூசனுக்குப் போனதும், கரியரில் தம்பியையும் ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் வைத்துத் திரிந்ததும் அதில்தான். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது, அந்தச் சனத்துக்குள் ஏறி ஓட இடமிருக்கவில்லை. சாமான்களை ஏற்றி உருட்டிக்கொண்டு போனோம். 2022இல் எரிபொருள் வரிசை வந்தபோது தெற்கிலுள்ளவர்கள் சைக்கிள் தேடி அலைந்தார்கள். எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

அன்று எங்களுக்கு முன்னால் நிமிர்ந்து சைக்கிளில் போன ஆசிரியைமார் பலர் இன்று எங்கள் கிளினிக்கிற்கு வருகிறார்கள். "முழங்கால் ஏலாது பிள்ளை, சைக்கிளை விட்டிட்டன்" என்கிறார்கள். விட்ட பிறகு என்ன நடக்கிறது? கோயிலுக்கு ஓட்டோ, சந்தைக்கு ஓட்டோ, பென்சன் எடுக்க ஓட்டோ. பிள்ளைகள் வெளிநாட்டில். ஓட்டோக்காரத் தம்பி வராத நாளில் வீட்டோடுதான். சில மாதங்களில் தொடைத்தசை மெலிகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசை. அது மெலிய, நோ கூடுகிறது. நோ கூட, நடையும் குறைகிறது. முழங்காலைக் காப்பாற்றத்தான் சைக்கிளை விட்டார்கள். பல பேருக்கு விட்டதனாலேயே முழங்கால் கெட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜேர்மனியில், அளவிடும் கருவி பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டுகளை வைத்து, மூட்டுக்குள் விழும் பாரத்தை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையின் இரண்டரை மடங்களவு பாரம் முழங்காலில் விழுகிறது. படி இறங்கும்போது மூன்று மடங்குக்கு மேல். இலேசாகச் சைக்கிள் உழக்கும்போது ஏறத்தாழ உடல் எடையளவுதான். 60 கிலோ எடையுள்ள ஓர் அக்காவுக்கு, நடக்கையில் 150 கிலோ. சைக்கிளில் 70 கிலோவுக்குக் கிட்ட. மிச்சத்தைச் சீற் தாங்குகிறது. தேய்ந்த மூட்டுக்கு அசைவு வேண்டும், அடி வேண்டாம். கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் இல்லை. மூட்டு அசையும்போது அமுங்கியும் விரிந்தும்தான் அது போசணை பெறுகிறது.

"குந்தியிருக்க ஏலாது, சைக்கிள் எப்படி?" என்று கேட்பார்கள். குந்துவதற்கு முழங்கால் முழுதாக மடங்க வேண்டும். தேங்காய் துருவலையில் இருப்பதற்கும் அப்படித்தான். கதிரையில் இருக்கும்போது முழங்கால் 90 பாகை மடங்குகிறது; சைக்கிள் உழக்க அதைவிடச் சற்றுக் கூட, 110 பாகையளவு போதும். கதிரையில் இருந்தபடி குதிக்காலைக் கதிரைக்கு அடியில் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அநேகமாக உழக்கலாம்.

இனி, எல்லோரும் விடும் பிழைக்கு வருவோம். வயது போகப் போக விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் சீற்றை இறக்கி, இரண்டு காலும் நிலத்தில் ஊன்றும்படி வைத்துக்கொள்கிறோம். வீட்டிலுள்ள மகனும் அன்பாகத்தான் இறக்கிவிடுகிறார். ஆனால் சீற் பதிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முழங்காற்சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். கிளினிக்கில் "சைக்கிள் ஒத்துவரேல்லை" என்று சொல்பவர்களின் சைக்கிளைப் போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்கு இதுதான் வருத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருங்கள். பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக வர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து உழக்கினால் முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும். அதுதான் சரியான உயரம். பொதுவாக முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் பதிவு, பின்பக்கம் நொந்தால் சீற் உயரம். ஒரேயடியாக உயர்த்த வேண்டாம். கிழமைக்கு ஒரு விரற்கடை போதும்.

அப்படியானால் நிற்கும்போது கால் எட்டாதே? எட்டத் தேவையில்லை. சீற்றிலிருந்து முன்னுக்கு வழுகி இறங்கி நிற்கப் பழக வேண்டும். அதற்கு நடுவில் பார் இல்லாத, தாழ்வான சட்டமுள்ள லேடீஸ் சைக்கிள்தான் வேண்டும். எங்கள் அம்மாமார் ஓடிய அதே வடிவம். இடுப்பு மூட்டு நோ உள்ளவருக்கும் இடுப்பு மாற்றியவருக்கும் காலைத் தூக்கிப் பின்னால் வீசி ஏறுவது கூடாது. சட்டத்தின் ஊடாகக் காலை வைத்து ஏறலாம். ஓடி ஏறும் பழக்கத்தைக் கைவிடுங்கள். நின்று, ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, நோக் குறைந்த காலால் முதல் மிதியை மிதியுங்கள்.

எங்கள் ஊர் மேடு பள்ளமில்லாத ஊர். இது பெரிய கொடை; கண்டியில் இருக்கும் தோழியர் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள். ஆனால் சோளகக் காற்றை எதிர்த்து உழக்குவது மலையேறுவது போலத்தான். அந்த நேரம் எழும்பி நின்று மிதிக்க வேண்டாம். கியர் உள்ள சைக்கிள் என்றால் இலேசான கியரில் போட்டு விரைவாகச் சுற்றுங்கள். கியர் இல்லாவிட்டால், பின் சில்லில் பல் கூடிய பிறீவீல் ஒன்றைப் போட்டுத் தரும்படி சைக்கிள் கடையில் கேளுங்கள். வேகம் குறையும், மிதி இலேசாகும். முழங்கால் போதியளவு மடங்காதவர்கள் நீளம் குறைந்த கிராங் பொருந்துமா என்று விசாரிக்கலாம். கிராங் 2 சென்ரிமீற்றர் குறைந்து, சீற்றை அந்தளவு உயர்த்தினால், முழங்கால் மேலேறும் உயரம் 4 சென்ரிமீற்றர் குறையும். சிறு செலவு, பெரிய ஆறுதல்.

கை மூட்டுகளில் முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பழைய கம்பிப் பிறேக் இறுக்கமானது. கேபிள் பிறேக் மாற்றலாம். ஹாண்டிலை உயர்த்தி, மொத்தமான கைப்பிடி போடலாம். சேலையோ நீளப் பாவாடையோ உடுத்துபவர்கள் செயின் கவரும் பின் சில்லுக்குப் பக்க வலையும் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமாருக்குத் தெரிவுகள் கூட. உழக்கும்போது மின்மோட்டார் துணைசெய்யும் சைக்கிள் இப்போது அங்கே சாதாரணம். பிரித்தானியாவில் மோட்டார் 250 வாற்றுக்கு மேற்படக்கூடாது. மணிக்கு 25 கிலோமீற்றரளவில் துணை நின்றுவிடும். ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் முழங்காலைக் காப்பாற்றுவது இதுவே. வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள்: பல 20 கிலோவுக்கு மேல் பாரம். சரிந்தால் பிடிக்க முடியுமா, வாசற்படி ஏற்ற முடியுமா என்று கடையிலேயே பாருங்கள். மூன்று சில்லுச் சைக்கிள் நிற்கும்போது விழாது. சமநிலை குறைந்தவர்களுக்கு நல்லது. ஆனால் அது வளைவில் சரியாது. வேகமாகத் திருப்பினால் கவிழும். இரண்டு சில்லு ஓடிப் பழகியவர்கள் முதல் நாள் கட்டாயம் தடுமாறுவார்கள். சாய்ந்திருந்து உழக்கும் தாழ்வான மூன்று சில்லு, முதுகுக்கும் கழுத்துக்கும் சொர்க்கம். ஆனால் அதிலிருந்து எழும்புவது முழங்காலுக்குச் சோதனை.

2010இல் நெதர்லாந்து வைத்தியர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயால் சில அடி நடக்கவே முடியாமல் கால் உறைந்துபோன 58 வயதுக்காரர் ஒருவர், சைக்கிளில் ஏற்றிவிட்டதும் இயல்பாக ஓடினார். அதைப் பார்த்து எல்லா நோயாளரையும் ஏற்றிவிடச் சொல்லவில்லை. நடக்க முடியாதவரால் உழக்கவும் முடியாது என்று நாங்களாக முடிவுகட்டக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

யார் ஓடக்கூடாது? மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது, முழங்கால் பூட்டிக்கொள்ளும்போது, தலைச்சுற்று, நெஞ்சுநோ, பார்வைக் குறைவு உள்ளபோது முதலில் வைத்தியரிடம் வாருங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் சம்மதத்துடன், முதலில் நிலையான சைக்கிளில், பின்னோக்கிச் சுற்றித் தொடங்கலாம். மாதவிடாய் நின்றபின் என்பு அடர்த்தி குறைந்தவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சைக்கிள் தசைக்கும் இருதயத்துக்கும் நல்லது, என்பை உறுதியாக்காது. ஆகவே கொஞ்ச நடையும் வேண்டும். விழுந்தால் மணிக்கட்டோ இடுப்போ முறியலாம். அதனால் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளால், காலை வெயில் ஏறமுன் போய் வாருங்கள்.

"இந்த வயதில் சைக்கிளோ" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பவர்கள் அநேகமாகச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கித் தருவதில்லை.

தேநீருக்குப் பிறகு வலைப்பந்தாட்டத் திடலுக்கு வாருங்கள். இரண்டு லேடீஸ் சைக்கிளும் ஒரு மூன்று சில்லும் நிற்கின்றன. இயன்மருத்துவரான எங்கள் வகுப்புத் தோழி ஒருவரும், சாவிகளோடு சைக்கிள் கடை ஐயா ஒருவரும் நிற்கிறார்கள். சொந்தச் சைக்கிளில் வந்தவர்கள் சீற் உயரத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். சேலையுடன் வந்தவர்கள் ஏற வேண்டாம், பார்த்தால் போதும்.