இளையவர் கையில் ஒரு பொறுப்பு



பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். உங்களில் பலர் இன்னும் சில வாரங்களில் மும்பையிலும் பெங்களூரிலும் சென்னையிலும் முதலீட்டு வங்கிகளின் பயிற்சித் திட்டங்களில் சேரப்போகிறீர்கள் என்று அறிந்தேன். என் உழைப்பெல்லாம் போன துறை அது. ஆகவே, பொதுவான அறிவுரைகளை விட்டுவிட்டு, அந்த முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். வேறு துறைகளுக்குப் போகிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

இந்தத் தொழில் என்ன செய்கிறது? ஒரு நிறுவனத்துக்குப் பணம் தேவைப்படுகிறது. அல்லது அதன் உரிமையாளர் தம் பங்கில் ஒரு பகுதியை விற்க நினைக்கிறார். மறுபக்கம், நாடெங்கும் சேமிப்பை வைத்துக்கொண்டு மக்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்கு இவர்களைத் தெரியாது. நடுவில் நிற்பவர் முதலீட்டு வங்கியாளர். நம் விதிகள் அவரை மெர்ச்சன்ட் பேங்கர் என்று அழைக்கின்றன.

2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் பங்கு வெளியீடு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் அதே நிறுவனம்தான். சுமார் 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்ட முதல் பொதுப் பங்கு வெளியீடுகளிலேயே (ஐ.பி.ஓ.) பெரியது. அந்தப் பணம், பங்கை விற்ற கொரியத் தாய் நிறுவனத்துக்குப் போனது. இந்திய நிறுவனத்தின் கணக்குக்கு வரவில்லை. வெளியீட்டு ஆவணம் இதை ஒளிக்கவில்லை, வெளிப்படையாகச் சொன்னது. 1,960 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்ட பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே அதைவிடக் கீழே முடிந்தது. விலை ஏறும் என்று எந்த வங்கியாளரும் வாக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதை உண்மையாகவும் முழுமையாகவும் சொல்லியிருக்கிறோம் என்ற ஒரே ஒரு வாக்கைத்தான் அவர் கொடுக்கலாம். இந்தத் தொழிலின் மானம் அந்த ஒரு வாக்கில் இருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலை, அலுவலகத்திலேயே இளையவரிடம்தான் முதலில் வந்து சேர்கிறது. இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்.

பயிற்சியின் முதல் வாரங்கள் வகுப்பறையில் கழியும். லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை எக்செல்லில் கட்டிக் காட்டச் சொல்வார்கள். நிறுவனம் வருங்காலத்தில் ஈட்டப்போகும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று கணக்கிடுவீர்கள். அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டு விலை காண்பீர்கள். பொறியியல் படித்தவருக்குக் கணக்கியல் புதிதாக இருக்கும், பி.காம். படித்தவருக்கு மாடலிங் புதிதாக இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் பெரிய கல்லூரியிலிருந்து வந்தவர் என்று ஒதுங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தெரியாததை அவரிடம் கேளுங்கள். கூச்சமில்லாமல் கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்கிய காலம் அது. பிறகு அப்படி ஒரு காலம் கிடைப்பது அரிது.

அதன்பின் வேலைக்கு வருவீர்கள். பதவியின் பெயர் அனலிஸ்ட். உங்களுக்கு மேலே அசோசியேட், அவருக்கு மேலே வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் என்று ஏணி நீளும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வரைவு ஆவணத்தை உங்கள் முன் வைப்பார்கள். அதில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டு, இது எந்த ஏட்டிலிருந்து வந்தது, எந்த ஒப்பந்தத்திலிருந்து வந்தது என்று ஆதாரம் சேர்க்க வேண்டும். தணிக்கையாளர் தம் பொறுப்பில் உள்ள எண்களைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து டிக் போடுவார். இதற்காகவா இவ்வளவு படித்தோம் என்று முதல் மாதத்திலேயே பலருக்கு மனம் சோர்ந்துவிடும். சோராதீர்கள். மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள் தொகுத்துக் கொடுத்ததையே பார்க்கிறார்கள். மூலக் காகிதத்தை நேரில் பார்த்தவர் பல சமயம் நீங்கள் ஒருவர்தான்.

இதன் அருமையை உணர்த்தும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பார்கிரிஸ் என்றொரு நிறுவனம் பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கூடங்களைக் கட்டி விற்றது. 1961-ல் கடன் பத்திரம் வெளியிட்டு மக்களிடம் பணம் திரட்டியது. மறு ஆண்டே திவாலானது. பத்திரம் வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். கையில் சுமார் 69 லட்சம் டாலருக்கு ஆர்டர் இருப்பதாக வெளியீட்டு ஆவணம் சொல்லியிருந்தது; உண்மையில் இருந்தது 24 லட்சம் டாலர் அளவுக்குத்தான். வங்கியாளர்கள் நிறுவனத்து அதிகாரிகளிடம் நல்ல கேள்விகளைத்தான் கேட்டிருந்தார்கள். கிடைத்த பதிலை அப்படியே நம்பிவிட்டார்கள். காகிதங்களைப் பார்த்துவர, அவர்களுடைய வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து, தொழிலுக்கு வந்து அதிக நாளாகாத இளம் வழக்கறிஞர் ஒருவர் அனுப்பப்பட்டார். கூட்டக் குறிப்புகளை அவர் புரட்டினார், சில குறிப்புகள் இன்னும் எழுதப்படவில்லை என்றார்கள், சரியென்று விட்டுவிட்டார். பெரிய ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. 1968-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிர்வாகம் சொன்னதைக் கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது, சரிபார்க்கக் கூடியதைச் சரிபார்த்திருக்க வேண்டும், வங்கியாளர்களும் பொறுப்பாளிகளே.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. இன்னும் ஒரு கோப்பைக் கேட்கத் தயங்கினார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே மாதிரி ஒரு கோப்பின் முன் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

நம் நாட்டு நிலையையும் பாருங்கள். 1992 வரை, நிறுவனங்கள் என்ன விலைக்குப் பங்கு வெளியிடலாம் என்பதை மத்திய அரசின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அலுவலகம் முடிவு செய்தது. அந்த ஆண்டு அது ஒழிக்கப்பட்டது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி சட்டப்பூர்வ அமைப்பானது. விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் உண்மைகள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்ற முறை வந்தது. தகுந்த விசாரணை செய்து திருப்தி அடைந்தோம் என்று மெர்ச்சன்ட் பேங்கர் இன்று செபியிடம் சான்றிதழ் தருகிறார். ஆவணத்தில் பொய்யோ திரிபோ இருந்தால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 34, 35 பிரிவுகள் தண்டனையும் இழப்பீடும் விதிக்க வழி செய்கின்றன. சான்றிதழில் கையெழுத்திடுபவர் உங்கள் மேலதிகாரி. அவர் துணிந்து கையெழுத்திடுவது நீங்கள் போட்ட வட்டங்களை நம்பி.

ஆகவே முதல் வாரத்திலிருந்தே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: “சார், இந்த எண்ணுக்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.” நள்ளிரவு தாண்டி, மறுநாள் காலையில் ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய நேரத்திலும் அதைச் சொல்லுங்கள். பணிவோடு சொல்லுங்கள்; சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நல்ல மேலதிகாரி அதற்காக உங்களை மதிப்பார். அதைச் சொன்னதற்காக உங்களை ஒதுக்குகிற இடம் என்றால், அங்கிருந்து விலகுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

அடுத்தது, வாய் காப்பது. நீங்கள் சேர்ந்த செய்தி ஊருக்குள் பரவியதும், கல்யாண வீட்டுப் பந்தியில் மாமா கேட்பார்: “என்ன மாப்பிள்ளை, எந்த ஷேர் வாங்கலாம்?” நீங்கள் கையாளும் நிறுவனத்தின் பெயரைக்கூட அங்கே உச்சரிக்கக் கூடாது. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம், நியூயார்க்கில் கேலியன் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர். உள்தகவலைக் கொண்டு பங்கு வாங்கி விற்ற குற்றத்துக்காக 2011-ல் அவருக்கு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2008-ல் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனம் கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி டாலர் முதலிடப்போகும் செய்தியை அவருக்குக் கசியவிட்ட வழக்கில், அந்த வங்கியின் இயக்குநராக இருந்த ரஜத் குப்தாவும் சிறை சென்றார். இருவரும் அறிவிலோ உழைப்பிலோ யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அந்தக் கோபம் அடுத்த விசேஷத்துக்குள் ஆறிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலையில் நேரம் மிகக் கடுமையானது. இளம் பணியாளர்களின் வேலை நேரத்தை வாரம் 80 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க வங்கியான ஜேபி மோர்கன் 2024-ல் வரம்பு வைத்ததாகச் செய்தி வந்தது. வரம்பே 80 என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிள்ளை போனை எடுக்கவில்லை என்று வருந்தாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேளுங்கள். மாணவர்களே, தூக்கத்தையும் உடம்பையும் விட்டுக்கொடுக்காதீர்கள். களைத்த கண்ணுக்கு 69-க்கும் 24-க்கும் வேறுபாடு தெரியாமல் போகும். உடம்பு முடியாதபோது அதை வெளியே சொல்வதும் கடமையில் சேர்ந்ததே. கல்விக் கடன் இருப்பவர்கள் முதல் சம்பளத்திலிருந்தே அதை அடைத்துவாருங்கள். கடன் இல்லாதவருக்கு, தவறான உத்தரவை மறுக்கும் துணிவு எளிதாக வரும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சிலர் அங்கேயே உயர்வீர்கள். சிலர் நிறுவனங்களின் நிதிப் பிரிவுக்கோ சொந்தத் தொழிலுக்கோ போவீர்கள். எங்கே போனாலும் ஆதாரம் கேட்கும் பழக்கம் உங்களோடு வரும். அதுவே அந்தப் பயிற்சி தரும் பெரிய சம்பாத்தியம்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி, தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, தங்கள் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்த ஆவணத்தை முழுக்கப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை. படித்தாலும் கோப்புகளைத் திறந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் சார்பில் நீங்கள் பாருங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். அப்படிப் பணியாற்றி உயர்ந்து, நாளை உங்களுக்குக் கீழே ஓர் இளையவர் வந்து தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்கும்போது, நிமிர்ந்து அமர்ந்து அவருக்குச் செவிகொடுங்கள்.

உங்கள் அனைவருக்கும் வளமும் நலமும் நற்பெயரும் சேரட்டும்.